கைத்தொண்டும் வரிக்கழிவும்

விழாக் கொண்டாடும் கல்லூரி தன் வரவு செலவை மட்டுமன்றித் தான் பட்ட கடனையும் எண்ணிப் பார்த்தல் முறையாகும். எமது கல்லூரிக் கட்டடங்களின் சுவர்களிலே பளிங்குக் கற்கள் பல பதிக்கப்பட்டிருக்கின்றன. மண்டபத்துக்கு இவ்வளவு, நூல் நிலையத்துக்கு இவ்வளவு, விளையாட்டரங்குக்கு இவ்வளவு என்று பொருளுதவியோரின் பெயர்கள் அவற்றிற் பொறிக்கப்பட்டுள்ளன. அது நன்றியறிதலின் பாற்பட்டது. அதனை யாம் குறைகூறோம். ஆனால் அம்மண்டபத்துக்கு வரைபடம் வரைந்து, கூலி பெறாது, மாதக்கணக்காக வெயிலில் நின்று மேற்பார்வை செய்த பழைய மாணவராகிய பொறியியலாளரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. சங்கத்தின் கணக்கை ஆண்டுதோறும் இலவசமாகப் பரிசோதித்த கணக்காளரின் பெயரும் இல்லை. இளைப்பாறிய பின்னரும் மாலை வேளைகளில் வந்து, பின்தங்கிய மாணவருக்குக் கணிதம் புகட்டிய ஆசிரியரின் பெயரும் இல்லை. பொருள் கொடுத்தாரைக் கல் நினைவில் வைத்திருக்கின்றது; பொழுது கொடுத்தாரை நினைவில் வைத்திருக்க எம்மிடம் ஒரு கடதாசித் துண்டேனும் இல்லை.

இக்குறை பழைய மாணவரிடையே வேறொரு வடிவிற் பேசப்படுவதை அண்மைக்காலத்தில் யாம் கேட்டு வருகின்றோம். “பணங் கொடுத்தவனுக்கு அரசாங்கம் வரிக்கழிவு தருகின்றது. தன் தொழிற்றிறனையும் நேரத்தையும் கொடுத்தவனுக்கு ஏன் தருவதில்லை? வைத்தியரின் ஒரு மணித்தியாலத்துக்கு விலை இல்லையா?” என்பது வினா. வினா நியாயமானது போலவே தோன்றுகின்றது. எனினும் ஆராய்ந்து பார்க்குமிடத்து, அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது ஒன்று, எம்மிடமே யாம் கேட்டுக்கொள்ள வேண்டியது மற்றொன்று என்பது புலனாகின்றது. அவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உழைப்புக்கும் வரிக்கும் உள்ள உறவு எமக்குப் புதியதன்று. வைகை பெருக்கெடுத்த போது, கரையை அடைக்க வீட்டுக்கோராள் வரவேண்டும் எனப் பாண்டியன் பணித்தான். ஆளில்லாத முதியவளாகிய வந்திக்கு இறைவன் கூலியாளாக வந்து, பிட்டை வாங்கியுண்டு மண் சுமந்தான் எனத் திருவிளையாடற் புராணம் கூறும். அன்று உழைப்பே வரி. இந்நாட்டிலும் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் நெடுங்காலம் நிலவிற்று. கோல்புறூக் ஆணைக்குழுவின் விசாரணையின் பயனாக 1832 ஆம் ஆண்டில் அது ஒழிக்கப்பட்டது. ஒழிந்தும் பதினாறு ஆண்டு கழியுமுன், 1848 ஆம் ஆண்டில், தெருக் கட்டளைச் சட்டம் வந்தது. 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணஞ் செலுத்துதல் வேண்டும் என அது விதித்தது. அவ்வாண்டு மூண்ட கிளர்ச்சிக்கு மக்களின் மனக்கசப்பை வளர்த்தவற்றுள் அச்சட்டமும் ஒன்று. அரசாங்கம் மனிதனின் நாளுக்கு விலை குறித்தவுடன் அந்த நாள் அவனுடையதாக இராது போயிற்று. இந்த நினைவோடு இன்றைய வினாவை அணுகுவோம்.

வருமான வரி இலங்கையில் 1932 ஆம் ஆண்டில் ஏற்பட்டது. இப்பொழுது நடைமுறையிலுள்ளது 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டமும் அதன் திருத்தங்களுமாகும். நோயாளரையும் வறியோரையும் நிறுவன முறையிற் பராமரிக்கும் தரும தாபனமாக அங்கீகரிக்கப்பட்ட ஒன்றுக்கு ஒருவர் பணமாகக் கொடுக்கும் நன்கொடையை அச்சட்டம் கழிவாக ஏற்கின்றது. தனியாள் ஒருவருக்கு அதன் எல்லை, வரிக்குரிய வருமானத்தின் மூன்றிலொரு பங்கு அல்லது 75,000 ரூபா, இவற்றுட் குறைந்தது. அரசாங்கத்துக்கு வழங்குவன போன்ற வேறு சில நன்கொடைகளுக்குத் தனி விதிகள் உள; அவற்றை ஈண்டு விரிக்கவில்லை. ஈண்டு நோக்க வேண்டியது, தரும தாபனத்துக்கு ஒருவர் ஆற்றும் சேவைக்குக் கழிவு இல்லை என்பதே.

இஃது அநீதியா? ஓர் உதாரணத்தால் விளக்குவோம். இரு வைத்தியர் உளர் என வைத்துக்கொள்வோம். இருவரும் ஆக உயர்ந்த வீதமாகிய நூற்றுக்கு 36 செலுத்துவோர். இருவருக்கும் ஒரு நாளுழைப்பு 20,000 ரூபா. முதல்வர் பத்து ஞாயிற்றுக்கிழமைகளில் தம் மருந்துச்சாலையைப் பூட்டிவிட்டு, தரும தாபனமொன்றின் நோயாளரைக் கட்டணமின்றிப் பார்க்கின்றார். மற்றவர் அப்பத்து நாளும் தம் மருந்துச்சாலையிலேயே தொழில் செய்து, ஈட்டிய இரண்டு இலட்சம் ரூபாவையும் அதே தாபனத்துக்கு நன்கொடையாகக் கொடுக்கின்றார். பின்னவரின் நன்கொடையில் 75,000 ரூபாவே கழிவாகும். எஞ்சிய 125,000 ரூபாவுக்கு அவர் 45,000 ரூபா வரி செலுத்துதல் வேண்டும். முன்னவரோ அந்த இரண்டு இலட்சத்தை ஈட்டவேயில்லை. ஈட்டாத பணத்துக்கு வரியுமில்லை. ஆகவே கைத்தொண்டு செய்தவருக்குச் சட்டம் அந்நாட்களின் மதிப்பு முழுவதையும் எல்லையின்றி விட்டுக்கொடுத்துவிட்டது. கேட்டவர் பலர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

இனி, முன்னவருக்கு அந்த இரண்டு இலட்சத்தையும் கழிவாகவுங் கொடுத்தால் யாது நிகழும்? தமது ஏனைய வருமானத்தின் மீதான வரியில் 72,000 ரூபா அவருக்கு மிஞ்சும். தொண்டு செய்தமையால் அவர் கையில் இலாபம் நிற்கும். இலாபம் தருவதற்குப் பெயர் வேறு. அதனைத் தொண்டென்று அழைத்தல் பொருந்தாது.

விலை குறிக்கும் தொல்லையும் உண்டு. வைத்தியரின் மணித்தியாலம் எவ்வளவு, மேசனின் மணித்தியாலம் எவ்வளவு என்பதை யார் நிர்ணயிப்பது? சத்திரவைத்திய நிபுணர் சிரமதானத்தில் மண்வெட்டி பிடித்தால், அவருக்கு நிபுணரின் கூலியா, மண் வெட்டுவோனின் கூலியா? அன்றியும், வரிக்கழிவு வரி செலுத்துவோனுக்கே பயன்படும். 2025 ஆம் ஆண்டு ஏப்ரில் முதல் ஆண்டுக்குப் பதினெட்டு இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வரியில்லை. யாம் மேலே கூறிய இளைப்பாறிய கணித ஆசிரியர் வரி செலுத்துவோர் அல்லர். மைதானத்துப் புல்லைச் செதுக்கிய மாணவனும் அல்லன். எவ்வளவு தாராளமான கழிவை அரசாங்கம் வகுத்தாலும் அவர்கள் இருவருக்கும் ஒரு சதமேனும் சேராது. யாருடைய தொண்டு மறக்கப்பட்டதென்று வருந்தினோமோ, அவர்களை இப்பரிகாரம் மேலும் மறக்கச் செய்யும்.

பிற நாட்டார் இதனை எவ்வாறு தீர்த்தனர் என நோக்குதல் பயனுடைத்து. ஐக்கிய அமெரிக்க நாட்டிலே தரும நன்கொடைக்கான வரிக்கழிவு 1917 ஆம் ஆண்டு முதல் உண்டு. ஆயினும் சேவையின் மதிப்புக்கு அங்கும் கழிவில்லை. கனடாவிலும் தொண்டு செய்தவருக்கு அவர்தம் நேரத்துக்கென வரிப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தல் ஆகாது. பிரித்தானியாவில் 1990 ஆம் ஆண்டில் ஏற்பட்ட ‘கிவ்ற் எய்ட்’ முறையினால், வரி செலுத்தும் ஒருவர் 100 பவுண் கொடுத்தால் தரும தாபனம் மேலும் 25 பவுணை அரசாங்கத்திடம் பெறுகின்றது. அந்நாட்டில் வாழும் எம் பழைய மாணவர் இதனை நன்கு அறிவர். அங்கும் நேரத்துக்கு அவ்வாறு மேலதிகம் கிடையாது.

விதிவிலக்குகளும் இல்லாமலில்லை. கனடா 2011 ஆம் ஆண்டில் தொண்டர் தீயணைப்பாளருக்கு ஒரு சலுகை வழங்கிற்று. ஆண்டுக்கு 200 மணித்தியாலமேனும் பணிபுரிந்தவருக்கு 3,000 டொலர் மீது நூற்றுக்கு 15 வீதமாக, அதாவது 450 டொலர், வரியிற் குறைக்கப்பட்டது. 2024 ஆம் ஆண்டில் அந்த 3,000 டொலர் 6,000 ஆக உயர்த்தப்பட்டது. வைத்தியருக்கும் தச்சருக்கும் அத்தொகை ஒன்றே என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்காவின் மாசச்சூசெற்சு மாநிலத்திலே, அறுபது வயது கடந்தோர் தம் ஊர்ச் சபைக்கு வேலை செய்து ஆதன வரியைக் குறைத்துக்கொள்ள இடமுண்டு. ஆனால் அவ்வேலைக்கு அம்மாநிலத்தின் ஆகக் குறைந்த கூலிக்கு மேல் மதிப்புக் குறித்தல் ஆகாது. அவ்வாறு குறைக்கப்பட்ட தொகையை மத்திய அரசாங்கம் வருமானமாகவே கொள்கின்றது. விலை குறித்தவுடன் தொண்டு கூலியாகி விடுதலை இங்கும் காண்கின்றோம்.

ஆகவே நேரத்துக்குக் கழிவு கேட்பதை விடுத்து, நியாயமான வேறொன்றைக் கேட்டல் வேண்டும் என்பது எம் கருத்து. அது தொண்டர் தம் கையிலிருந்து செய்யும் செலவு பற்றியது. மேற்பார்வைக்கு நாடோறும் மோட்டார் சைக்கிளில் வந்த பொறியியலாளர் எண்ணெய்க்குக் காசு கொடுத்தார். கண் பரிசோதனை முகாமுக்குக் கொழும்பிலிருந்து வந்த வைத்தியர் புகைவண்டிக்குக் கொடுத்தார். அப்பணம் அவர்கள் ஈட்டியது, வரி செலுத்தப்பட்டது, தருமத்துக்கே செலவானது. உண்டியலில் இட்ட பணத்துக்கும் இதற்கும் யாது வேறுபாடு? அமெரிக்கச் சட்டம் இவ்வேறுபாடின்மையை உணர்ந்து, தொண்டர் கைச்செலவைக் கழிவாக ஏற்கின்றது. மோட்டார் வண்டிக்கு மைலுக்கு 14 சதம் எனவும் விதித்துள்ளது. அத்தொகை 1998 ஆம் ஆண்டு முதல் மாறவில்லை என்பது ஒரு குறையே. வியாபாரத்துக்காக வண்டியோட்டுவோனுக்கு 2025 ஆம் ஆண்டில் மைலுக்கு 70 சதம் அனுமதிக்கப்பட்டது.

அவ்வுரிமையும் ஆதாரமிருந்தாலே பலிக்கும். 2011 ஆம் ஆண்டில் அந்நாட்டு வரி நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. விலங்கு நலத் தாபனமொன்றின் பொருட்டுக் கட்டாக்காலிப் பூனைகளைத் தம் இல்லத்தில் வளர்த்த மாது ஒருவர், உணவுக்கும் மருந்துக்கும் செய்த செலவைக் கழிவாகக் கேட்டார். அவர் தாபனத்தின் தொண்டரே என நீதிமன்றம் ஏற்றுப் பெரும்பாலான சிறு செலவுகளை அனுமதித்தது. 250 டொலரும் அதற்கு மேலுமான செலவுகளை அனுமதிக்கவில்லை. அவற்றுக்குத் தாபனம் உரிய காலத்தில் எழுத்து மூலம் கொடுத்திருக்க வேண்டிய ஒப்புகை இல்லாமையே காரணம். தொண்டர் தம் கடமையிற் குறைவைக்கவில்லை, எழுத்துத்தான் இல்லை.

எம் நாட்டுச் சட்டம் இவ்வளவுக்கு இடந்தர வேண்டும் எனப் பழைய மாணவர் சங்கங்கள் ஒருமித்துக் கேட்கலாம். அங்கீகரிக்கப்பட்ட தாபனம் உறுதிப்படுத்திய தொண்டர் கைச்செலவைப் பண நன்கொடையாகவே கருதி, இப்பொழுதுள்ள எல்லைக்குட்பட்டுக் கழிவு தரல் வேண்டும். இதனாற் திறைசேரிக்கு வரும் நட்டம் சிறிது. கேட்போர் மீது பேராசைப் பழியும் வராது. அதுவரையும் வேறொரு வழி உண்டு. தாபனம் தொண்டரின் செலவை மெய்யாகவே அவர் கையிற் கொடுக்கட்டும். அவர் விரும்பினால் அப்பணத்தை நன்கொடையாகத் திருப்பிக் கொடுக்கட்டும். பிரித்தானியாவில் இம்முறை ஏற்கப்பட்டுள்ளது. பணம் மெய்யாகவே கைமாறுதல் வேண்டும் என்பதே நிபந்தனை. இதில் வரியினும் பெரிய நன்மை ஒன்றுண்டு. செலவைத் தாங்க முடியாத வறிய தொண்டனும் கூச்சமின்றி வரலாம். இன்று பஸ் கட்டணத்துக்கு அஞ்சி வீட்டிலிருப்போர் எத்தனை பேர் என்பதை யாம் எண்ணிப் பார்த்தோமா?

இனி, எம்மிடமே யாம் கேட்க வேண்டியதற்கு வருவோம். வரிக்கழிவு வேண்டும் என்று பேசியோரின் உள்ளத்தில் இருந்தது பணவாசை மட்டுமன்று எனவே யாம் நம்புகின்றோம். தம் உழைப்பை எவரேனும் கண்டார்களா என்ற ஏக்கமே அவ்வாறு பேசிற்று. அவ்வேக்கத்தைத் தீர்ப்பது இறைவரித் திணைக்களத்தின் வேலையன்று, சங்கத்தின் வேலை. சேவைக்கு வரிக்கழிவு மறுக்கும் அதே அமெரிக்காவிலே, தரும தாபனங்களின் கணக்கேடு வேறு விதமாகப் பேசுகின்றது. 1993 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட கணக்கீட்டு நியமத்தின்படி, விலை கொடுத்துப் பெற்றிருக்க வேண்டிய தொழிற்றிறனை ஒருவர் இலவசமாக வழங்கினால் அதனைத் தாபனம் தன் கணக்கில் வரவாகக் காட்டுதல் வேண்டும். சர்வதேசத் தொழில் தாபனமும் தொண்டுழைப்பை அளக்கும் முறை பற்றி 2011 ஆம் ஆண்டில் ஒரு கைந்நூல் வெளியிட்டது. அரசாங்கம் விலை கொடாவிடினும், பெற்றவர் பெற்றதை எழுதி வைக்க வேண்டும் என்பது இவற்றின் கருத்து.

எம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். 1010 ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய தஞ்சைப் பெருங்கோயிலின் சுவர்களைப் பாருங்கள். அரசனும் அவன் தமக்கையும் அளித்த பொன்னும் மணியும் மட்டும் அங்கே பொறிக்கப்படவில்லை. அக்கோயிலிற் பணிபுரிந்த நானூறு தளிச்சேரிப் பெண்டிரின் பெயர்களும், வாத்தியம் வாசித்தோர், கணக்கெழுதினோர் முதலாயினார்க்கு ஒதுக்கிய பங்குகளும் அதே கல்லில் இடம்பெற்றன. அவர்கள் பணிக்கு ஊதியம் பெற்றவர்களேயெனினும், பெயருக்கு உரியோர் எனக் கருதப்பட்டனர். ஊதியமே பெறாதவரின் பெயரை யாம் எழுதாதிருத்தல் எங்ஙனம் தகும்?

“தொண்டு மறைவாகச் செய்யப்பட வேண்டியது, எழுதி வைப்பது அகந்தைக்கு இடமாகும்” எனப் பெரியோர் சிலர் கூறுவர். அக்கூற்றை யாம் மதிக்கின்றோம். உழவாரப் படையைக் கையிலேந்திக் கோயில் முற்றங்களைச் செதுக்கிய அப்பரடிகள் எவரிடமும் சான்றிதழ் கேட்டதில்லை. சைவ நன்னெறி நான்கில் முதற்படியாகிய சரியை, உடம்பாற் செய்யுந் தொண்டே. அதன் பயனை இறைவன் அறிவான். எனினும், அப்பரடிகள் உழவாரப்பணி செய்தாரென்பது எமக்குத் தெரிவது எவ்வாறு? பின்வந்தோர் சொல்லி வைத்தமையாலன்றோ? செய்தவன் மறக்கலாம், அது அவனுக்கு அழகு. பெற்றவன் மறத்தல் அழகாகாது. பதிவேடு செய்தவனின் புகழுக்காக அன்று. அடுத்துச் செய்ய வருபவனுக்கு வழி தெரிவதற்காக. பொருளில்லாத மாணவன் ஒருவன், இக்கல்லூரிக்குத் தான் கொடுக்கக்கூடியது யாதுமில்லை என்று எண்ணிக்கொண்டு வெளியேறாதிருப்பதற்காக.

ஆதலால் இவ்விழா ஆண்டிலே சங்கத்துக்குச் சில கூற விரும்புகின்றோம். தொண்டுப் பதிவேடு ஒன்று இன்றே தொடங்கப்படுதல் வேண்டும். யார், எப்பணி, எத்தனை மணித்தியாலம் என்பவற்றை மட்டும் அதில் எழுதுக. ரூபாவாக மாற்ற வேண்டாம். சத்திரவைத்தியரின் பத்து மணித்தியாலமும் தோட்டக்காரரின் பத்து மணித்தியாலமும் ஒரே பக்கத்திற் பத்தாகவே நிற்கட்டும். தொண்டரின் கைச்செலவைப் பற்றுச்சீட்டின் பேரிற் கொடுக்கும் வழக்கத்தைத் தனாதிகாரி ஏற்படுத்துக. ஆண்டறிக்கையில் நன்கொடைப் பட்டியலுக்கு எதிர்ப்பக்கத்தில் தொண்டுப் பட்டியல் வெளிவருக. இனி எழும் கட்டடத்தின் கல்லிலே, பொருள் தந்தார் பெயரின் கீழ்ப் பணி தந்தார் பெயரும் பொறிக்கப்படுக.

வெளிநாட்டிலிருந்து பொருளனுப்பும் சகோதரருக்கு இதனால் யாதொரு குறையும் வாராது. அவர்கள் அனுப்பும் பணம் கட்டடமாவதும் பாடமாவதும் இங்குள்ளாரின் கைகளாலேயே. கொடுக்கும் கையும் செய்யும் கையும் ஒரே உடம்பின் இரு கைகள். ஒன்றுக்கு மோதிரம் இட்டு மற்றையதை மறைத்தல் ஆகாது.

வந்தியின் பங்குக்கு மண் சுமந்தவன் பெற்றது உதிர்ந்த பிட்டும் முதுகில் ஓர் அடியும். அவ்வடி பாண்டியன் முதலாக எல்லார் முதுகிலும் பட்டதென்பர். கூலியின்றிச் சுமப்பவனைக் காணாது விட்டால் அத்தவறு அனைவரையுஞ் சாரும் என்பதை அக்கதை எமக்கு உணர்த்துகின்றது. வரிக்கழிவு வரினும் வாராவிடினும், கல்லூரி அன்னைக்குக் கைகொடுத்தாரின் பெயர்கள் அவள் ஏட்டில் நிலைபெறுக. அதற்குத் திருவருள் முன்னிற்பதாக.